பிறர்க்கென ஏந்திய கை

பெங்களூர்க் கிழக்குப் புகைவண்டி நிலையத்திற்கு அருகே, காக்ஸ் டவுனையும் குக் டவுனையும் ஒட்டினாற்போல், ஜீவனஹள்ளி என்றொரு பகுதி இருக்கிறது. 'ஹள்ளி' என்பது கன்னடத்தில் சிற்றூரைக் குறிக்கும் சொல். இன்று அங்கே ஊரும் இல்லை, வயலும் இல்லை. வீட்டோடு வீடு ஒட்டிய நகரத் தெருக்களே உள. பெயராராய்ச்சியில் இறங்குவது நம் நோக்கமன்று. ஆயினும் தமிழ்க் காதுக்கு அப்பெயரில் 'ஜீவனம்' என்ற சொல் ஒலிக்கத்தான் செய்கிறது. ஜீவனம் என்றால் பிழைப்பு. பிழைப்பை நாடி வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் இடத்திற்கு அது பொருத்தமான பெயரே என்று நாம் எண்ணிக்கொள்வதுண்டு.

1809-ஆம் ஆண்டில் பெங்களூரில் ஆங்கிலேயர் தண்டு இறக்கினர். தண்டைத் தொடர்ந்து வந்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர். சிப்பாய்கள் மட்டுமா வந்தனர்? சமையற்காரர், தோட்டக்காரர், வண்ணார், கல்தச்சர், கூடாரம் தைப்போர், குதிரைக்குப் புல் அறுப்போர் என ஒரு படையின் பின்னால் எத்தனை தொழில் உண்டோ அத்தனை தொழிலாளரும் வந்தனர். பின்னர் இருப்புப்பாதை வந்தது. புகையிலைத் தொழிற்சாலை வந்தது. பின்னும் பல ஆலைகள் வந்தன. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் மக்கள் வந்த வண்ணம் இருந்தனர். நாமும் அவ்வாறு வந்தவர்களே. மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பு வேலையென்று நாற்காலியில் அமர்ந்திருக்கிறோம் என்பதால் நம் வருகைக்கு வேறு பெயர் வந்துவிடாது.

வந்தவர் அனைவரும் முதுமை எய்துவர். இதைப் புறப்படும்போது எவரும் எண்ணுவதில்லை. நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிள்ளைகளை ஆளாக்கிய பெண்ணுக்கு அறுபதைக் கடந்ததும் முழங்கால் மடங்க மறுக்கிறது. சாரத்தில் ஏறிச் சுண்ணாம்பு அடித்தவருக்குக் கண்ணில் புரை விழுகிறது. பிள்ளை வேறு நகரத்துக்குப் பிழைக்கப் போய்விட்டான். அவனுக்கே அங்கு வாடகை கட்ட இயலவில்லை. சொந்த ஊரிலோ, நாற்பது ஆண்டு காணாத முகத்தை அடையாளம் காண ஆளில்லை. இத்தகையோர் பிச்சைக்காரர் அல்லர்; வாழ்நாளெல்லாம் உழைத்துண்டவர்கள். அவர்கள் கை முதன்முறையாகப் பிறர் முன் நீளும்போது ஏற்படும் நாணம் பசியைவிடக் கொடியது. வெளி மாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம் இதைக் கண்டும் காணாதவர்போல் நடந்து போகிறோம்.

இந்த நீளும் கையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். கிறித்தவ நம்பிக்கை வறுமையை எதிர்கொண்ட வகைகள் பல. அவற்றுள் பெங்களூரில் நிலைபெற்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

ஜீவனஹள்ளியிலிருந்து நகரின் தெற்குப் பக்கம் சென்றால் ஓசூர்ச் சாலை வரும். அது நம் தமிழ்நாட்டை நோக்கிச் செல்லும் சாலை; பலர் பெங்களூருக்குள் நுழைந்ததும் அவ்வழியேதான். அச்சாலையில் 1900-ஆம் ஆண்டு முதல் முதியோர் இல்லம் ஒன்று இயங்கி வருகிறது. அதை நடத்துவோர் 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' என்னும் கத்தோலிக்கத் துறவியர். வறுமையுற்ற முதியவர் என்பதே அங்கு நுழைவதற்குத் தகுதி. சமயமோ சாதியோ அன்று. இல்லத்துக்கு வேண்டியதைத் திரட்டும் முறைதான் வியப்புக்குரியது. சகோதரிகள் சந்தைக்கும் கடைக்கும் நேரே சென்று கேட்கிறார்கள். அரிசி, காய்கறி, ரொட்டி, பணம் என எது கிடைப்பினும் பெற்று வருகிறார்கள். சுருங்கச் சொன்னால், அவர்கள் இரக்கிறார்கள்.

இப்பழக்கம் எங்கிருந்து வந்தது? அதற்குப் பிரான்சு நாட்டின் வடமேற்குக் கடற்கரைக்குச் செல்ல வேண்டும். பிரித்தானி என்பது அப்பகுதியின் பெயர். அங்கே கான்கால் என்னும் மீனவர் ஊரில், 1792-இல், ழான் ஜுகான் என்ற பெண் பிறந்தாள். பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த காலம் அது. தந்தை மீன்பிடிக்கக் கடலுக்குச் சென்றவர் திரும்பவில்லை. அப்போது குழந்தைக்கு நான்கு வயதும் நிரம்பவில்லை. சிறுமி வளர்ந்து ஒரு பெரிய வீட்டில் சமையற்கட்டு வேலைக்குப் போனாள். பின்னர் சேன் செர்வான் நகரின் மருத்துவமனையில் பணிவிடை செய்தாள். மணம் செய்துகொள்ளவில்லை. மடத்திலும் சேரவில்லை. நாற்பத்தேழு வயது வரை அவளைப் பற்றி எழுதுவதற்கு எவருக்கும் எதுவும் இல்லை.

1839-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், கண்ணிழந்து, உடலும் பாதி செயலிழந்த கிழவி ஒருத்தியை அவள் தன் இருப்பிடத்திற்குக் கொண்டு வந்தாள். வாடகைக்கு எடுத்திருந்த சிறு அறைகளே அவளுடைய உடைமை. தன் கட்டிலைக் கிழவிக்குக் கொடுத்துவிட்டுத் தான் வேறிடத்தில் படுத்துக்கொண்டாள். விரைவில் இரண்டாவது கிழவி வந்தாள். பின்னர் ஒரு சிறு கூட்டமே சேர்ந்தது. உதவிக்குச் சில இளம்பெண்களும் வந்து சேர்ந்தனர்.

ஈண்டுதான் கதையின் உயிர்நிலை இருக்கிறது. அக்கிழவியருள் சிலர் தெருவில் இரந்துண்டு வாழ்ந்தவர்கள். தங்க இடம் கிடைத்த பின்னும் பழைய வீடுகளுக்குச் சென்று கையேந்த வேண்டியிருந்தது. ஏனெனில் இருபது வாய்க்கு உணவிடும் வருவாய் ழானுக்கு இல்லை. தெருவில் இரப்பதோ மழையிலும் பனியிலும் அலைவது. சிலருக்குக் குடிக்கும் வாய்ப்பாகவும் அது அமைந்தது. இதைக் கண்ட ழான் கூடையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். நீங்கள் செல்லும் வீடுகள் எவை எவை என்று கிழவியரிடம் கேட்டறிந்து, அவ்வீடுகளுக்கு அவர்களுக்குப் பதிலாகத் தானே சென்று நின்றாள்.

அன்பர்களே, இச்செயலைச் சற்று ஊன்றிப் பாருங்கள். அவள் கிழவியருக்குச் சோறு போட்டாள் என்பது மட்டும் இதில் இல்லை. அவர்களுடைய நாணத்தை வாங்கிக்கொண்டாள். ஈவோர் பலர் உலகில் உண்டு. ஈவோரின் கை எப்போதும் மேலேயே இருக்கும். ஏழையின் கையைத் தாழவிடாமல், தன் கையைத் தாழ்த்திக்கொண்டவர் அரியர். ழானுக்கும் அது எளிதாக இருக்கவில்லை. ஒருமுறை ஒரு செல்வர் சினந்து அவளை அறைந்துவிட்டார் என்றும், அறை எனக்கு, இனி என் ஏழைகளுக்கு ஏதேனும் தாருங்கள் என்னும் பொருள்பட அவள் கேட்டாள் என்றும் ஒரு செய்தி வழங்கி வருகிறது. அடியார்களின் வரலாறுகளில் இத்தகைய செய்திகள் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு இடம் மாறுவது வழக்கம். எனினும் அக்கூடையைத் தூக்கி நடந்தவளுக்கு வாயிற்படியில் கிடைத்தது எல்லாம் வரவேற்பாக இருந்திருக்காது என்பதில் ஐயமில்லை.

தமிழ் கற்றோருக்கு இவ்விடத்தில் ஒரு நினைவு எழாமலிராது. மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் வருகிறான். ஊராரால் துரத்தப்பட்டு மதுரைக்கு வந்தவன். செல்வர் வீட்டு வாயில்களில் ஓடேந்தி நின்று, பெற்றதைக் குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர், நோயாளர் எல்லோரையும் அழைத்து ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, அந்த ஓட்டையே தலைக்கு அணையாக வைத்து உறங்கினான். அமுதசுரபி அவன் கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அட்சய பாத்திரம் கிடைத்தபின் கொடுப்பது பெரிதன்று. வெறும் ஓடு இருந்தபோதே பிறருக்காக ஏந்தினானே, அதைச் சாத்தனார் முதலில் சொல்லி வைத்தார். சேன் செர்வான் வீட்டின் தொடக்க ஆண்டுகளிலும் முதியோர் உண்டபின் எஞ்சியதே சகோதரிகளின் உணவாக இருந்தது. இரண்டு இடங்களும் ஒன்றையொன்று அறியா. ஆயினும் ஒரே வினைக்கு ஒரே நடை அமைந்திருக்கிறது.

ழான் ஜுகானின் பிற்பகுதி வாழ்க்கை துயரமானது. 1843-இல் தோழியர் அவளைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தனர். சில நாட்களுக்குள், அக்குழுவை மேற்பார்த்து வந்த லெ பையர் என்ற குருவானவர் அத்தேர்தலைத் தள்ளிவிட்டு, இருபத்து மூன்று வயது இளம்பெண் ஒருத்தியைத் தலைமையில் அமர்த்தினார். ழான் மறுத்தொன்றும் சொல்லாமல் மீண்டும் கூடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். 1845-இல் பிரெஞ்சுப் பேரவை அவளுடைய தொண்டுக்கு மோந்தியோன் பரிசாக 3,000 பிராங்குகள் அளித்தது. நாடறிந்த பெயர் ஆயிற்று. ஆனால் 1852-இல் அவளைத் தெருவிலிருந்தும் அழைத்துக்கொண்டு தலைமை மடத்திற்குள் இருத்தினர். இருபத்தேழு ஆண்டுகள் அங்கே இருந்து, 1879-இல் மறைந்தாள். அவளோடு வாழ்ந்த இளம் துறவியர் பலருக்குச் சபையைத் தோற்றுவித்தவள் அவளே என்பது தெரியாது. தோற்றுவித்தவர் தாமே என்று அக்குருவானவர் எழுதுவித்திருந்தார். 1890-இல் ரோமாபுரி விசாரணை நடத்தி அவரைப் பொறுப்பிலிருந்து விலக்கியது. 2009-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் ழான் ஜுகான் புனிதர் என அறிவிக்கப்பட்டாள்.

அந்த இருபத்தேழு ஆண்டுகளில் ஒரே ஒருமுறை அவளிடம் யோசனை கேட்டார்கள். 1865-இல் சபைக்கு நிலையான வருவாய் தரும் சொத்தொன்றை ஏற்கலாமா என்ற கேள்வி எழுந்தது. வேண்டாம் என்றாள் ழான். அன்றன்று கேட்டு அன்றன்று உண்போம் என்ற அவளுடைய கருத்தே விதியாக நின்றது. கணக்கர் எவரும் இதைப் பாராட்டமாட்டார். அரசு அலுவலகத்தில் ஆண்டு முழுதும் நிதியொதுக்கீட்டுக் கோப்புகளை மொழிபெயர்க்கும் நமக்கும் முதலில் இது விவேகமற்ற செயலாகவே பட்டது. பின்னர் எண்ணிப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. சொத்து சேர்ந்துவிட்ட அறநிலையம் ஏழையின் பக்கத்திலிருந்து சொத்தின் பக்கத்திற்கு மெல்ல நகர்ந்துவிடும். அதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் வேண்டிய மட்டும் உள. நாளைய அரிசிக்கு இன்று கேட்க வேண்டியிருக்கும் சகோதரி, தன் இல்லத்து முதியவரின் நிலையை ஒருநாளும் மறக்க முடியாது. இதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1867-இல், வடலூரில் இராமலிங்க அடிகள் தருமச்சாலையை நிறுவி ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிந்து வருவதை நீங்கள் அறிவீர்கள். அங்கும் அடியவர் கொண்டுவந்து தரும் பொருள்களைக் கொண்டே உலை கொதிக்கிறது.

சபை வளர்ந்தது. 1882-இல் கல்கத்தாவுக்கு வந்தது. 1900-இல் பெங்களூருக்கு வந்தது. பின்னர்ச் சென்னையிலும் இல்லம் எழுந்தது. இன்று ஏறத்தாழ முப்பது நாடுகளில் அதன் இல்லங்கள் இருக்கின்றன.

மொழிபெயர்ப்பாளருக்கு இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல உரிமையுண்டு. ஆங்கிலத்தில் தருமச் செயலைக் குறிக்கும் 'சாரிட்டி' என்ற சொல், இலத்தீனத்தில் அன்பைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. பழைய ஆங்கில விவிலியத்தில் பவுலடியார் அன்பைப் பற்றி எழுதிய அதிகாரத்தில் அச்சொல்லே ஆளப்பட்டிருக்கிறது. காலப்போக்கில் அது சுருங்கி, மிஞ்சியதைக் கொடுப்பது என்ற பொருளில் வந்து நின்றது. தமிழ் விவிலியத்தை ஆக்கியோர் அதே அதிகாரத்தில் 'அன்பு' என்றே பெயர்த்தனர். தருமம் என்றோ தானம் என்றோ பெயர்த்திருந்தால் எவ்வளவு பெரிய இழப்பாயிருக்கும்! நம் அலுவலகக் கோப்புகளிலோ 'நலிவுற்றோர்', 'பயனாளிகள்' என்ற சொற்களே வருகின்றன. அவற்றை எழுதாமல் இருக்க நமக்கு வழியில்லை. எழுதும்போதெல்லாம் ஒரு மனிதரின் முகம் அழிவதாகத் தோன்றுவதையும் தவிர்க்க இயலவில்லை.

கருநாடகத்தில் 1975-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று பொது இடத்தில் இரப்பதைத் தடை செய்கிறது. இரப்போரின் மறுவாழ்வுக்கென வீட்டு வரியோடு நூற்றுக்கு மூன்று வீதம் மேல்வரியும் வாங்கப்படுகிறது. பெங்களூரில் வீடுடையோர் அனைவரும் அதைச் செலுத்துகிறார்கள். இரசீதைக் கூர்ந்து பார்ப்போர் குறைவு. வரி செலுத்தியதும் கடன் தீர்ந்தது என்று எண்ணுவது நம் இயல்பு.

நம்பிக்கையின் பெயரால் செய்யப்படும் உதவியைப் பற்றி ஓர் ஐயம் நெடுங்காலமாகவே உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. சோற்றைக் காட்டி மதத்தை விற்கிறார்கள் என்பதே அந்த ஐயம். 'அரிசிக் கிறித்தவர்' என்ற ஏளனச் சொல் தோன்றியதும் அதனால்தான். இதற்கு மறுமொழியாக வாதங்களைவிட ஒரு நிகழ்ச்சி உதவும்.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. மைசூர் நாட்டில் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு மக்கள் மாண்டனர் என்பர். 1871-இல் ஐம்பது இலட்சமாக இருந்த மக்கள்தொகை 1881-இல் நாற்பத்திரண்டு இலட்சத்துக்கும் சற்றுக் குறைவாக இறங்கியது. பெங்களூரின் தெருக்களுக்குக் கிராமத்தார் கூட்டங்கூட்டமாக வந்து விழுந்தனர். தெலுங்கு நாட்டில் ஓங்கோலில் ஜான் கிளஃப் என்ற அமெரிக்கப் பாப்திஸ்து ஊழியர் இருந்தார். அரசாங்கம் பஞ்ச நிவாரணமாகப் பக்கிங்காம் கால்வாயை வெட்டிக்கொண்டிருந்தது. வேலைத்தளங்களில் ஒடுக்கப்பட்ட மாதிக மக்களை மேஸ்திரிகள் விரட்டினர், கூலியைப் பறித்தனர். கிளஃப் என்ன செய்தார்? மூன்றரை மைல் நீளக் கால்வாயைத் தாமே குத்தகைக்கு எடுத்தார். தம் உபதேசியார்களை மேற்பார்வையாளராக்கினார். ஒரே நேரத்தில் மூவாயிரம் பேர் வரை அங்கே மண் வெட்டிக் கூலி பெற்றனர். கஞ்சித் தொட்டியின் முன் வரிசையில் நிற்காமல், கையில் மண்வெட்டியோடு நின்றனர் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று அதனினும் அரியது. பஞ்ச நிவாரணம் நடந்த ஏறத்தாழப் பதினைந்து மாதங்கள் அவர் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. கேட்டு வந்தோரையும் திருப்பி அனுப்பினார். உதவிப் பணம் தீர்ந்துவிட்டது, இனிக் கொடுக்க ஒன்றுமில்லை என்று அறிவித்த பின்னரே கதவைத் திறந்தார். 1878 சூலை 3-ஆம் நாள் குண்டலகம்மா ஆற்றில் ஒரே பகலில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். கால்வாய்க் கூலிக்கு நன்றிக் கடனாகத்தானே அவர்கள் வந்தனர் என்று கேட்போர் இன்றும் உளர். மேஸ்திரியின் பிரம்புக்கு இடையே தங்களை மனிதராக நடத்திய ஒருவரைக் கண்டு அம்மக்கள் வந்தார்கள் என்றால், அதைக் குறையென்று கொள்வது எவ்வாறு என்பது நமக்குப் புரியவில்லை. எல்லா ஊழியரும் கிளஃப்பைப் போல் காத்திருந்தனர் என்று நாம் சாதிக்க வரவில்லை. காத்திருந்தவர் ஒருவர் உண்டு என்பதே ஏனையோரை அளக்கும் கோலாக அமைகிறது.

கூலிக்கும் பிச்சைக்கும் உள்ள வேற்றுமையை வேறொரு வகையில் காட்டியது வேலூர். ஐடா ஸ்கடர் அம்மையாரையும், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் மாண்டதால் அவர் மருத்துவம் கற்கப் புறப்பட்டதையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள், ஈண்டு விரிக்கவில்லை. அவர் 1918-இல் பெண்களுக்கெனத் தொடங்கிய மருத்துவப் பள்ளியே பெருங்கல்லூரியாக வளர்ந்தது. அக்கல்லூரிக்கு 1946-இன் இறுதியில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வந்தார். தொழுநோயால் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. அழுகுவதில்லை, உணர்ச்சி மரத்துப்போவதால் தீப்பட்டாலும் ஆணி குத்தினாலும் தெரியாமல் புண்ணாகிப் புண்ணாகித் தேய்கின்றன என்று அவர் நிறுவினார். இரவில் விரல்கள் காணாமற்போவதன் மருமம் அவரையே திகைக்க வைத்தது. விழித்திருந்து பார்த்தபோது எலி கடித்துச் செல்வது தெரிந்தது! அதன்பின் வீடு திரும்பும் நோயாளியோடு ஒரு பூனையையும் அனுப்பினார்கள். மருத்துவ வரலாற்றில் பூனைக்குக் கிடைத்த இடம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

1948 முதல் அவர் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி, மடங்கிப்போன விரல்களை நிமிரச் செய்தார். கை திறந்தது. ஆனால் குணமடைந்து சென்றவர்கள் வருத்தத்தோடு திரும்பி வந்தனர். முடங்கிய கையைக் கண்டபோது காசு போட்டவர்கள் நிமிர்ந்த கையைக் கண்டதும் போடவில்லை; வடு இருந்ததால் வேலையும் எவரும் தரவில்லை. நல்ல கை பிச்சைக்கு உதவாத கை ஆகிவிட்டது! மருத்துவம் மட்டும் போதாது என்று அறிந்த பிராண்ட், கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் என்ற குடியிருப்பை ஏற்படுத்தித் தச்சு வேலை கற்பித்தார். மர விளையாட்டுப் பொருள்கள் அங்கே உருவாயின. தச்சுப் பட்டறையில் நோயாளிகளின் கைகளை நாள்தோறும் கவனித்ததால்தான் எந்தப் புண் எதனால் வருகிறது என்ற ஆராய்ச்சியும் முன்னேறியது. பின்னர் 1955-இல் காரிகிரியில் தனி மருத்துவ ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. அங்கே உருவான முறைகள் ஆப்பிரிக்கா வரை சென்றன. பெங்களூரிலும் 1970-களின் இறுதியில் அரசாங்கத்தின் அழைப்பின் பேரில் கத்தோலிக்கத் திருச்சபையார் மாகடிச் சாலையில் சுமனஹள்ளியைத் தொடங்கினர். அங்கும் மருந்தோடு தோல் வேலையும் தையலும் சேர்ந்தே நடந்தன.

இவ்வளவும் சொன்ன பின் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஏழையின் முன் மண்டியிட்ட அதே திருச்சபை, தன் கோயிலுக்குள்ளும் கல்லறைத் தோட்டத்திற்குள்ளும் சாதிச் சுவரை அனுமதித்தது. தமிழ்நாட்டில் மேல்சாதியாருக்கொரு பக்கம், தாழ்த்தப்பட்டோருக்கொரு பக்கம் என்று பிணத்திற்கும் இடம் பிரித்த ஊர்கள் உண்டு. கஞ்சி வார்ப்பது எளிது. பந்தியில் அருகே அமர்வதும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் கடினம். வறுமைக்கு அன்பு போதுமா, நீதி வேண்டாமா என்ற கேள்வியைப் பெங்களூரிலேயே எழுப்பியவர்கள் இருந்தனர். 1957-இல் இங்கே கிறித்தவச் சமய சமூக ஆய்வு நிலையம் தோன்றியது. அதன் முதல் இயக்குநர் பி.டி.தேவானந்தன், அவருக்குப்பின் எம்.எம்.தாமஸ். நாட்டின் சமூக மாறுதலில் எல்லாச் சமயத்தாரோடும் சேர்ந்து உழைப்பதே கிறித்தவரின் கடமை என்று அவர்கள் வாதிட்டனர். இருவர் வழியும் வேண்டும் என்றே நமக்குத் தோன்றுகிறது. சட்டம் மாறும் வரை கிழவியால் காத்திருக்க முடியாது. கிழவிக்குக் கட்டில் கிடைத்துவிட்டது என்பதற்காகச் சட்டம் மாறாமலிருக்கவும் கூடாது.

உலக அளவில் இதன் பரப்பு என்ன? நாளொன்றுக்கு மூன்று டாலரின் வாங்கும் ஆற்றலுக்கும் கீழே வாழ்வோரைக் கொடிய வறுமையுற்றோர் என 2025-இல் உலக வங்கி வரையறுத்தது. அக்கணக்கின்படி அவர்கள் ஏறத்தாழ எண்பது கோடியினர். இவ்வளவு பெரிய எண்ணைக் கேட்டதும் மனம் ஓய்ந்துவிடுகிறது. ஆபுத்திரனுக்கும் ஒரு கட்டத்தில் இவ்வாறு நேர்ந்தது. பாண்டி நாட்டில் மழை பெய்து பசியாளர் இல்லாமற்போகவே, அவன் பாத்திரத்தோடு வீட்டில் இருந்துவிடவில்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பல் ஏறினான். கடல் கடந்த நாட்டுப் பசியும் தன் பசியே என்று கொண்ட ஒருவனைத் தமிழ்க் காப்பியம் என்றோ படைத்து வைத்திருக்கிறது. அயலூரில் வாழும் நமக்கு அவன் நெருங்கிய உறவினன்.

செய்யத்தக்கது யாது என்று கேட்பீர்கள். மிசோரம் மாநிலத்திற்குச் செல்லும் வாய்ப்புப் பெற்ற அன்பர்கள் ஒரு வழக்கத்தைக் கண்டிருக்கலாம். அங்குள்ள கிறித்தவப் பெண்கள் சோறு சமைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியைத் தனிக்கலத்தில் போட்டு வைக்கின்றனர். 1910-இல் தொடங்கியது இது. பணம் இல்லாத மலைநாட்டு மக்கள் பணம் இல்லாமலேயே கொடுக்கக் கண்ட வழி. அந்த அரிசியை விற்றுத் திருச்சபை திரட்டும் தொகை இன்று ஆண்டுக்குப் பல கோடி ரூபாய். நம் தமிழ்நாட்டிலும் கோயிலுக்கும் மடத்திற்கும் மாதா கோயிலுக்கும் பிடியரிசி எடுத்து வைத்த பாட்டிமார் இருந்தனர். அடுப்பங்கரை மூலையில் அதற்கென ஒரு மண்கலயம் இருந்தது. ஊரைவிட்டு வரும்போது நாம் அம்மியையும் குத்துவிளக்கையும் கட்டிக்கொண்டு வந்தோம். அந்தக் கலயத்தை மட்டும் விட்டுவிட்டு வந்தோம்.

கணக்குப் பார்ப்போம். ஒரு பிடி அரிசி ஐம்பது கிராம் என்று கொள்வோம். நாளுக்கு இருவேளை எடுத்தால் நூறு கிராம். ஆண்டுக்கு முப்பத்தாறரைக் கிலோ; கடையில் விற்கும் இருபத்தைந்து கிலோ மூட்டையில் ஏறத்தாழ ஒன்றரை மூட்டை. எந்தக் குடும்பத்தின் உலையும் இதனால் குறைந்துவிடாது. ஜீவனஹள்ளியில் ஒரே சந்தில் நாற்பது குடித்தனங்கள் இருக்கின்றன என்றால், அச்சந்திலிருந்து மட்டும் 1,460 கிலோ சேரும். டெல்லியில் கரோல்பாக்கிலோ, பம்பாயில் மாதுங்காவிலோ, தாராவியிலோ இருக்கும் உங்கள் தெருவுக்கும் இதே பெருக்கல்தான். தொலைவில் எங்கும் தேட வேண்டியதில்லை. அதே சந்தின் கோடி வீட்டில், மாடிப்படியின் கீழே, முழங்கால் மடங்காத பெண் ஒருத்தி இருப்பாள். அவள் வந்து கேட்கும் வரை காத்திராமல், மாதப் பிறப்பன்று கலயத்தோடு நாம் அவள் கதவைத் தட்டலாம். சந்தில் அத்தகையவர் இல்லையெனில், உங்கள் நகரில் முதியோரைப் பேணும் இல்லம் எது என்று கேட்டறிந்து கொண்டு கொடுக்கலாம். பெங்களூர்வாசிகளுக்கு ஓசூர்ச் சாலை இருக்கிறது. அங்கே சகோதரிகள் நாளைய அரிசிக்காக இன்றும் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.